பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: ரத்தமும் ஆக்சிஜனும் – வாசகர் கேள்வி பதில்

மூச்சைப் பற்றி வந்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைச் சுற்றியே இருந்தன. அந்தக் கருவி காட்டும் எண்ணின் பொருள் புரிய வேண்டுமானால், காற்றிலிருந்து செல் வரை ஆக்சிஜன் போகும் வழி முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நுரையீரலுக்குள் காற்றும் ரத்தமும் நேரடியாகக் கலக்கின்றனவா? கலந்தால் ரத்தத்தில் நுரை வந்துவிடாதா?

பதில்: கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு சுவர் இருக்கிறது. மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளை பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து இவை சுமார் முப்பது கோடி அல்லது அதற்கும் மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒவ்வொரு நுண்ணறையின் மேலும் தந்துகி எனப்படும் மெல்லிய ரத்தக் குழாய்கள் வலை பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடைப்பட்ட சுவரின் தடிமன் அரை மைக்ரான் அளவுதான்; ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஓய்வாக இருக்கும்போது, இவ்வளவு பெரிய பரப்பின் மேல் எந்த நொடியிலும் இருக்கும் ரத்தம் 75 மில்லிலிட்டர் போல. ஒரு சிறு கோப்பை ரத்தத்தை ஒரு வீட்டின் தரை முழுக்கப் பூசியது போன்ற ஏற்பாடு இது.

இந்தச் சுவரைத் தாண்டி ஆக்சிஜனைத் தள்ளிவிடத் தனியாக எந்த விசையும் இல்லை. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது தானாகவே பரவுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம், அதாவது சுமார் 160. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் காற்று ஈரமாகும்போது நீராவி 47 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்வதால் இது 150 ஆகிறது. நுண்ணறைக்குள் கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறது, ஆக்சிஜனை ரத்தம் ஓயாமல் எடுத்துக்கொண்டும் இருக்கிறது. ஆகவே அங்கே நிலைத்து நிற்பது 100 அளவு. உடல் முழுக்கச் சுற்றிவிட்டு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 40. இந்த 100-க்கும் 40-க்கும் உள்ள வேறுபாடுதான் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் அனுப்புகிறது.

ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டிச் செல்லும் நேரம் முக்கால் நொடி. முதல் கால் நொடியிலேயே அது நிறைந்துவிடுகிறது. மீதி அரை நொடி உடலின் கையிருப்பு. ஓடும்போது இதயம் ரத்தத்தை வேகமாக அனுப்புவதால் கடக்கும் நேரம் கால் நொடிக்கு அருகில் சுருங்கும். அப்போதும் ஆரோக்கியமான நுரையீரலில் சிவப்பணு நிறைந்தே வெளியேறும். நுரையீரல் தழும்பேறிச் சுவர் தடித்துப் போனவர்களுக்கு இந்தக் கையிருப்பு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும் ஆக்ஸிமீட்டர், சில நிமிடம் நடந்ததும் 88 காட்டுவது இதனால்தான். மருத்துவர் “ஆறு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம்” என்று சொன்னால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஓய்வில் ஒளிந்திருக்கும் குறை நடையில்தான் வெளிப்படும்.

கேள்வி: தண்ணீரில் ஆக்சிஜன் கரைகிறது, அதில் மீன் வாழ்கிறது. ரத்தத்திலும் கரைந்தே போய்விடலாமே, ஹீமோகுளோபின் எதற்கு?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். நுரையீரலிலிருந்து வெளிவரும் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மில்லிலிட்டர். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது என்றால், கரைந்த வடிவில் போவது 15 மில்லிலிட்டர். சும்மா படுத்திருக்கும் உடலுக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் தேவை.

சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதமான ஹீமோகுளோபின் வந்தால் கதை மாறுகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 கிராம் இருந்தால், பிடிபடுவது ஏறத்தாழ 20 மில்லிலிட்டர். அதே 5 லிட்டர் ரத்தம் இப்போது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு செல்கிறது. உடல் அதில் கால் பங்கை எடுத்துக்கொண்டு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது.

ஹீமோகுளோபினே இல்லாமல் வாழும் முதுகெலும்புள்ள உயிர்களும் உண்டு. அண்டார்க்டிக் கடலின் பனிமீன் குடும்பத்து மீன்களுக்கு ரத்தம் நிறமற்றது. உறைநிலையை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைகிறது, அவற்றின் உடல் தேவையும் குறைவு, இதயமும் பெரிது. மூன்றும் கூடியதால்தான் அவை பிழைக்கின்றன. நம் உடல் சூட்டில் அது நடக்காது. ஆனால் அழுத்தத்தை ஏற்றினால் நடக்கும். 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் இட்டே போரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டு, மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார். அவை உயிரோடு இருந்தன. அந்த அழுத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 6 மில்லிலிட்டர் வரை கரைகிறது, ஓய்வில் இருக்கும் உடலுக்கு அது போதும்.

கேள்வி: ஆக்சிஜனை இவ்வளவு இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபின், தசைக்குப் போனதும் அதை எப்படி விடுகிறது? எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

பதில்: வந்த கேள்விகளிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. பிடிக்க மட்டும் தெரிந்த பொருள் உடலுக்குப் பயன்படாது. வேண்டிய இடத்தில் விடத் தெரிந்திருப்பதுதான் ஹீமோகுளோபினின் பெருமை.

ஒரு ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றின் மடியிலும் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் நடுவே ஓர் இரும்பு அணு. ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு என நான்கு இருக்கைகள். இந்த நான்கும் ஒன்றை ஒன்று சாராதவை அல்ல. முதல் ஆக்சிஜன் வந்து அமர்ந்ததும் அந்த இரும்பு அணு இலேசாக நகர்ந்து சங்கிலியை இழுக்கிறது. அந்த இழுப்பு பக்கத்துச் சங்கிலிகளுக்குப் பரவி, மூலக்கூறின் வடிவமே மாறுகிறது. இப்போது அடுத்த ஆக்சிஜன் எளிதாக அமரும், அதற்கடுத்தது இன்னும் எளிதாக. காலியாகும்போது இதற்கு நேர்மாறு: ஒன்று இறங்கிவிட்டால் மற்றவற்றின் பிடியும் தளரும். இந்த வடிவ மாற்றத்தை எக்ஸ் கதிர் வழியே கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸ், 1962-இல் ஜான் கெண்ட்ரூவுடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதன் விளைவை எண்களில் பாருங்கள். ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும், நிறைந்த இருக்கைகள் 98 சதவீதத்திலிருந்து 90-க்குத்தான் குறைகின்றன. நுரையீரலில் சிறு குறை இருந்தாலும் ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்தே வரும். இது ஒரு காப்பு. 60-லிருந்து 40-க்கு இறங்கினால் 75 சதவீதம். 40-லிருந்து 20-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது எங்கே பற்றாக்குறை கடுமையோ அங்கே ஹீமோகுளோபின் அள்ளிக் கொடுக்கிறது. வரைபடமாகப் போட்டால் மேலே தட்டையாகவும் நடுவில் செங்குத்தாகவும் வளைந்த கோடு கிடைக்கும். நிறைவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவர்கள் பதறுவதற்குக் காரணம் இந்த வளைவே. அங்கே தட்டையான பகுதி முடிந்து சரிவு தொடங்குகிறது.

வேறு மூன்று பொருள்களும் ஹீமோகுளோபினுக்கு இடம் காட்டிக் கொடுக்கின்றன. உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். கார்பன் டை ஆக்சைடுக்கு இப்படி ஒரு விளைவு உண்டு என்று 1904-இல் காட்டியவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை. நுரையீரலுக்கு வந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதால் பிடி மறுபடி இறுகுகிறது. ஆக, உங்கள் கேள்விக்கு நேரடி விடை: எங்கே விட வேண்டும் என்று சொல்வது, ஆக்சிஜனைச் செலவழித்த அந்தத் திசு வெளியேற்றும் கழிவுதான்.

சிவப்பணுவுக்குள்ளேயே உருவாகும் 2,3-டிபிஜி என்ற பொருளும் பிடியைத் தளர்த்துகிறது. ரத்த வங்கியில் சேமித்து வைத்த ரத்தத்தில் இது இரண்டு வாரங்களில் பெருமளவு தீர்ந்துவிடும். அந்த ரத்தம் ஆக்சிஜனை நன்றாகப் பிடிக்கும், ஆனால் விடத் தயங்கும். உடலுக்குள் ஏறிய பின் ஓரிரு நாளில் டிபிஜி திரும்பச் சேர்ந்து சரியாகிவிடும். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் சற்று வேறு வகை. டிபிஜி அதோடு அவ்வளவாக ஒட்டாது. அதனால் தாயின் ரத்தம் விடும் ஆக்சிஜனை அதே அழுத்தத்தில் குழந்தையின் ரத்தம் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7 என்று வந்திருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆனால் ஆக்ஸிமீட்டரில் 98, 99 என்றே காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி சரி. அது பதில் சொல்லும் கேள்வி வேறு. இருக்கிற இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மொத்தம் எத்தனை இருக்கைகள் என்று அதற்குத் தெரியாது. ஐம்பது இருக்கைப் பேருந்தில் ஐம்பது பேர் இருந்தாலும் நிறைவு நூறு சதவீதம். இருபது இருக்கை வண்டியில் இருபது பேர் இருந்தாலும் நூறு சதவீதம்தான்.

உங்கள் அம்மாவின் கணக்கைப் போடுவோம். 7 என்பது 100 மில்லிலிட்டருக்கு 7 கிராம்; அதை 1.34-ஆல் பெருக்கி, 98 சதவீதம் எடுத்தால் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 9.2 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 15 கிராம் உள்ளவருக்கு அதே 98-இல் 19.7. பாதிகூட இல்லை. இன்னொன்றையும் பாருங்கள்: 15 கிராம் உள்ள ஒருவருக்கு நுரையீரல் நோயால் 85 சதவீதம் என்று காட்டினாலும், அவர் ரத்தத்தில் 17 மில்லிலிட்டர் இருக்கும். 85-ஐப் பார்த்து வீடே கலங்கும்; 98-ஐப் பார்த்து நிம்மதியாக உறங்கும். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவோ 85 காட்டியவர் பக்கம்தான் அதிகம்.

ஓய்வில் இருக்கும்போது உங்கள் அம்மாவின் உடல் இதைச் சமாளித்துவிடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, திசுக்கள் வழக்கமான கால் பங்குக்குப் பதில் பாதி வரை எடுத்துக்கொள்கின்றன, டிபிஜி கூடிப் பிடியைத் தளர்த்துகிறது. படி ஏறும்போது தேவை பல மடங்காகும். அப்போது கொடுக்க ரத்தத்திடம் மிச்சமில்லை. படபடப்புக்கு அதுவே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழும், ஆண்களுக்கு 13-க்குக் கீழும் இருந்தால் ரத்த சோகை. 8-க்குக் கீழ் என்றால் கடுமையானது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சத்து மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவா, பி12 குறைவா, எங்காவது உள்ளே ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஓய்விலேயே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஆக்ஸிமீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஆக்ஸிமீட்டர் ஒரு விரலில் 97, இன்னொரு விரலில் 91 என்கிறது. எதை நம்புவது? சரியாகப் பார்ப்பது எப்படி?

பதில்: கருவி இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்புகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விட்டுவிடும், ஏறாதது அதிகம் விழுங்கிவிடும். தோல், எலும்பு, நகம் எல்லாமும்தான் ஒளியை விழுங்குகின்றன. ஆனால் துடிப்புக்குத் துடிப்பு மாறுவது தமனி ரத்தம் மட்டுமே. அந்த மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்ற யோசனை 1970-களில் ஜப்பானிய பொறியாளர் டகுவோ ஆவோயாகியுடையது. ஆக, விரலில் துடிப்பு பலமாக இல்லையென்றால் எண்ணுக்கும் பலம் இல்லை.

நகப்பூச்சையும் மருதாணி அடர்ந்த விரலையும் தவிர்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கையை மேசை மீதோ மார்பு மீதோ அசையாமல் வைத்து, நடுவிரலையோ ஆள்காட்டி விரலையோ நுனி முட்டும் வரை உள்ளே செலுத்துங்கள். நேரடி வெயில் அதன்மேல் விழ வேண்டாம். அதே கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டியிருக்கக் கூடாது. போட்டவுடன் தெரியும் எண்ணை எழுதாதீர்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, நிலைத்து நிற்கும் எண்ணை எடுங்கள். பிறகு முக்கியமான ஒரு சோதனை: கருவி காட்டும் நாடித் துடிப்பை, மணிக்கட்டில் நீங்களே எண்ணியதோடு ஒப்பிடுங்கள். கருவி 54 என்று காட்டி, நீங்கள் 90 எண்ணினால், அது காட்டும் ஆக்சிஜன் எண்ணையும் நம்பக் கூடாது. உங்களுக்கு வந்த 91-க்கு இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் அந்த விரல் குளிர்ந்திருக்கும் அல்லது சரியாக நுழைந்திருக்காது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டு மூன்று புள்ளி முன்பின் இருக்கும். 70-க்குக் கீழே கருவி காட்டுவது உத்தேசமே. கருநிறத் தோல் உள்ளவர்களில் சிலருக்கு உண்மையை விடக் கூட்டிக் காட்டுகிறது என்றும் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அதனால் ஒரு தனி எண்ணை விட, அவரவரின் வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பது மேலானது. ஆரோக்கியமானவருக்கு 95-க்கு மேல் இருக்கும். 93, 94-இல் நின்றால் மருத்துவரைக் கேளுங்கள். 92-லோ அதற்குக் கீழோ நின்றால் காத்திருக்க வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு இலக்கு வேறு. அதை அவர்களின் மருத்துவர் சொல்லியிருப்பார்.

கேள்வி: ஜெனரேட்டர் புகையில் மயங்கியவருக்கு ஆக்ஸிமீட்டர் 99 காட்டியதாகச் செய்தியில் படித்தேன். அது எப்படி?

பதில்: அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற வாயு ஹீமோகுளோபினின் அதே இருக்கையில் உட்காரும், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே சில மணி நேரத்தில் பாதி இருக்கைகளைப் பறித்துவிடும். அதோடு நில்லாமல், மீதி இருக்கைகளில் உள்ள ஆக்சிஜனையும் இறங்க விடாமல் பிடியை இறுக்கிவிடுகிறது. ரத்த சோகையில் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் நடமாடிக்கொண்டிருப்பார். கார்பன் மோனாக்சைடிடம் பாதியை இழந்தவர் சுயநினைவின்றிக் கிடப்பார். வேறுபாடு இந்த இறுக்கத்தில் இருக்கிறது. இரண்டு ஒளி மட்டுமே உள்ள விரல் கருவியால் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் பிரித்தறிய முடியாது. அதனால்தான் 99. உண்மை தெரிய மருத்துவமனையில் கோ-ஆக்ஸிமீட்டர் என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரி மூட்டமோ ஜெனரேட்டரோ எரிவாயு வெந்நீர்க் கருவியோ இருந்து, ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வாருங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். உள்ளே மயங்கிக் கிடப்பவரை மீட்கப் போகும் முன் கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மீட்கப் போனவரே விழுந்துவிடுவது இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நடக்கிறது. சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கர்ப்பிணி என்றால் தலைவலி மட்டுமே இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கருவின் ஹீமோகுளோபின் மோனாக்சைடை எளிதில் விடுவதில்லை.

கேள்வி: கெட்ட ரத்தம் நீல நிறம் என்று படத்தில் போடுகிறார்களே?

பதில்: படத்துக்காகப் போட்ட நிறம். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பு. தோலுக்கடியில் சிரை நீலமாகத் தெரிவது தோலில் ஒளி சிதறும் விதத்தால். இன்னொன்று, அது “கெட்ட” ரத்தமும் அல்ல. அதில் இன்னும் 75 சதவீத இருக்கைகளில் ஆக்சிஜன் இருக்கிறது.

உதடும் நாக்கும் நீலம் பாய்வது வேறு விஷயம். நுண்குழாய் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் அளவு ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இழந்து நின்றால்தான் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்தமே 6, 7 கிராம் உள்ள ரத்த சோகைக்காரருக்கு ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் உதடு நீலமாகாமல் வெளுப்பாகவே இருக்கலாம். நீலம் இல்லை என்பதை வைத்து அவர்கள் விஷயத்தில் சமாதானம் அடையக் கூடாது.

கேள்வி: தண்ணீருக்கடியில் அதிக நேரம் மூச்சடக்க, முன்னதாக இருபது முப்பது முறை வேக வேகமாக மூச்சு இழுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுமா?

பதில்: ஏறாது. செய்யவே செய்யாதீர்கள். ரத்தம் ஏற்கெனவே 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது, மேலும் ஏற இடம் இல்லை. வேக மூச்சில் நடப்பது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது. “மூச்சு விடு” என்று மூளை தவிப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான், ஆக்சிஜன் குறைவதால் அல்ல. அந்த அபாய மணியை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டு நீருக்குள் போகிறீர்கள். தவிப்பே வராமல் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போய், எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தப்பும்.

ஆழத்துக்குப் போனவருக்கு மேலே வரும்போது இன்னொரு ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் அந்த அழுத்தத்தால் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் பாதியாகி, ஆக்சிஜன் அழுத்தமும் சரசரவென்று சரியும். நீர் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் இருக்கும்போது மயங்குவது இதனால். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். தெரிந்தவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: உயரமான மலையில் ஆக்சிஜன் சதவீதம் எவ்வளவு குறைகிறது?

பதில்: சதவீதம் குறைவதில்லை. எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது மொத்த அழுத்தம். 5,500 மீட்டரில் கடல் மட்டத்தின் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 253 மி.மீ. ஈரமாக்கும் நீராவி எந்த உயரத்திலும் அதே 47 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 206-இல் 21 சதவீதம் 43 மி.மீ. கடல் மட்டத்தில் 150 இருந்த இடத்தில் 43.

உடல் முதலில் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கிறது. ஓரிரு நாளில் டிபிஜி கூடுகிறது. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சில மணி நேரத்திலேயே கூட்டத் தொடங்கினாலும், அதன் பலனாக ஹீமோகுளோபின் நன்றாக உயர வாரங்கள் ஆகும். எனவே 3,000 மீட்டருக்கு மேல் போகும்போது, இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்குவது நல்லது. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, அந்த நேரமே கீழே இறக்க வேண்டும், இரவானாலும்.

கேள்வி: நிமோனியா நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தும் எண் ஏறவில்லை. ஏன்?

பதில்: சில நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைந்திருக்கும். அவற்றைச் சுற்றி ஓடும் ரத்தம் காற்றைச் சந்திக்காமலே திரும்பிவிடும். நல்ல நுண்ணறைகள் இதை ஈடுகட்டலாமே என்றால், அங்கே ரத்தம் முன்பே 98 சதவீதம் நிறைந்துவிட்டது. தூய ஆக்சிஜன் கொடுத்தாலும் அங்கே இருக்கைகள் 100-க்குத்தான் போகும், கரைந்த ஆக்சிஜன் 0.3-லிருந்து 2 மில்லிலிட்டராகும், அவ்வளவே. 75 சதவீதத்தோடு திரும்பும் ரத்தமும் 100 சதவீத ரத்தமும் கலந்தால் சராசரி நடுவில்தான் நிற்கும். மூடிய நுண்ணறைகளைத் திறந்தால்தான் எண் ஏறும். அழுத்தத்தோடு காற்று கொடுப்பதும், நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் அதற்காக.

அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்றும் இல்லை. நாள்பட்ட அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதற்கு மேல் ஏற்றினால் அவர்கள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி உறக்கமும் மயக்கமும் வரும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் எண் குறைந்தது என்று தாங்களாகவே குமிழைத் திருப்பக் கூடாது. அதன் அருகே தீயும் சிகரெட்டும் கூடவே கூடாது.

கேள்வி: வெளியே விடும் மூச்சில் ஆக்சிஜன் இருக்காதே, பிறகு வாயோடு வாய் வைத்து ஊதுவதால் என்ன பயன்?

பதில்: இருக்கிறது. உள்ளே போனது 21 சதவீதம், வெளியே வருவது சுமார் 16 சதவீதம். ஒரு மூச்சில் போகும் 500 மில்லிலிட்டர் காற்றில் 150 மில்லிலிட்டர் நுண்ணறைக்கே போகாமல் குழாய்களில் நின்றுவிட்டு அப்படியே திரும்புகிறது. நுண்ணறைக்குப் போனதிலும் ஒரு பகுதியைத்தான் ரத்தம் எடுத்துக்கொள்கிறது. நின்றுபோன மூச்சை மீட்க 16 சதவீதம் போதும். ஆனால் இதயமும் நின்றிருந்தால், ஊதிய ஆக்சிஜன் நுண்ணறையிலேயே கிடக்கும். மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட்டினால்தான் அது மூளைக்குப் போய்ச் சேரும். பெரியவர்களுக்கு 30 அழுத்தம், பின் இரண்டு ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். ஊதப் பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யலாம். திடீரென இதயம் நின்ற ஒருவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கும்.